ஒரு நாளில் சீடர்வில்

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், றொக்போர்ட் நகரிலுள்ள என் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது சீடர்வில்லுக்குப் போக விரும்பினேன். சமூகப்பணி முன்னோடியான ஜேன் அடம்ஸ் அம்மையார் 1860இல் பிறந்த சிற்றூர் அது. தங்கைக்கோ ஒரு நாள்தான் விடுமுறை.

வரைபடத்தை விரித்தோம். மேற்கே பிறீபோர்ட், அங்கிருந்து வடக்கே சீடர்வில். சுமார் 55 கிலோமீற்றர்.

“இருட்டமுதல் திரும்பவேணும். கடைத்தெருவா, கல்லறையா அக்கா?” என்றாள் தங்கை.

கல்லறையையே தெரிந்தேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காலையிலேயே காரில் புறப்பட்டோம். வழியெங்கும் சோள வயல்கள்.

அம்மையார் 1931இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர், 1935இல் மறைந்தார். கல்லறையில் அந்தப் பரிசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிக்காகோவில் 1889இல் தோழியுடன் தொடங்கிய ஹல் ஹவுஸ் இல்லமும், பெண்களின் சர்வதேச சமாதான அமைப்புமே அவர் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளன.

செய்த பணியே அவரது முகவரி. பொழுதுபடமுன் வீடு திரும்பினோம்.