குடியை நிற்பாட்ட எங்க போறது?

எங்கட ஊரில் தவறணை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். போயாவுக்கு பார் பூட்டியிருந்தால் எந்த வீட்டில் கள்ளமாக எடுக்கலாம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் குடியை நிற்பாட்ட எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள். கோயிலில் நேர்த்தி வை, நூல் கட்டு, ரோசம் இருந்தால் தானாக விடுவார். இதற்கு மேல் பதில் வராது.

நாங்கள் அக்காவும் தம்பியும். தேடியது எங்கட அப்பாவுக்காக. ஒருநாள் அவரே, "இனி என்னால ஏலாது பிள்ளையள்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வெளிக்கிட்டோம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதையும் எழுதுகிறோம்.

முதலில் போனது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு. ஒவ்வொரு நாளும் நிறையக் குடிக்கிற ஒருவர் சடாரென்று நிற்பாட்டினால் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். "நாளைக்கே விடு" என்று சொல்லுகிற ஆக்களுக்கு இது தெரியாது. அப்பாவைச் சில நாள் வார்ட்டில் வைத்து மருந்து தந்தார்கள். உடம்பு தெளிந்தது. வீட்டுக்கு வெளிக்கிடும்போது அங்கிருந்த மிஸ் ஒரு துண்டில் இடமும் நேரமும் எழுதித் தந்தார். "கிழமைக்கு ஒருக்கா கூடுவினம். போய்ப் பாருங்கோ."

அது அல்கஹோலிக்ஸ் அனனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு பேர் தொடங்கியது. பில் வில்சன் பங்குச் சந்தையில் வேலை செய்தவர், பொப் ஸ்மித் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். இரண்டு பேரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். இன்னொரு குடிகாரரோடு மனம்விட்டுக் கதைக்கும்போது தங்களால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். இன்றைக்கும் அங்கே நடப்பது அதுதான். சந்தா இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் மட்டும் இருந்தால் சேரலாம்.

இடத்தைப் பிடிக்க அந்த றோட்டை இரண்டு தரம் சுற்றினோம். பெயர்ப்பலகை இல்லை. ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபம். அப்பா வாசலில் நின்றுவிட்டார். "இது வேதக்காரற்ற இடமெல்லோ?" உள்ளே இருந்து வந்த வயதான ஐயா ஒருவர் சிரித்தார். "மண்டபம்தான் அவையின்ர. நாங்கள் வாடகைக்கு இருக்கிறம். வாங்கோ தம்பி." ஊரில் அப்பாவை மரியாதையாக ஒருவர் கூப்பிட்டு எவ்வளவு காலம்!

அன்றைக்குத் திறந்த கூட்டம், வீட்டு ஆக்களும் இருக்கலாம். மற்றக் கூட்டங்களில் குடியை விட நினைக்கிறவர்கள் மட்டும்தான். பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ, ஒரு தட்டில் பிஸ்கட். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு கேட்டதை எழுதமாட்டோம். அங்கே கேட்டது அங்கேயே இருக்கவேண்டும். ஒரு ஒழுங்கைக்குள் நடப்பது மற்ற ஒழுங்கைக்கு உடனே போய்ச் சேர்கிற எங்கட ஊரில், இந்த ஒரு உறுதி இல்லாவிட்டால் ஒருவரும் வந்து இருக்கமாட்டார்கள்.

ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் "நன்றி" என்றார்கள், அவ்வளவுதான். அப்பா அன்று வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒருத்தரும் எனக்குப் புத்தி சொல்லேல்லை" என்றார். அடுத்த கிழமை தானே சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு நின்றார்.

கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு செத்தவீட்டில் குடித்தார். அன்றிரவே அந்த ஐயாவுக்குப் போன் எடுத்தார். ஐயா, "நாளைக்கு முதலாம் நாள். இண்டைக்குப் படுங்கோ" என்றாராம். வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் கேட்பதில்லை. இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருந்தால் போதும். கோயிலில் கற்பூரம் அணைத்துச் செய்த எத்தனையோ சத்தியங்களைப் பார்த்த எங்களுக்கு, இந்தச் சின்னக் கணக்கு நம்பக்கூடியதாக இருந்தது.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. அங்கே கடவுளைப் பற்றிய கதை வரும். அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றுதான் சொல்கிறார்கள், என்றாலும் சிலருக்குப் பிடிக்காது. அவர்களுக்கு உளவளத்துணை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு.

வீட்டு ஆக்களுக்கென்று அல்-அனன் என்ற குழுவை 1951இல் பில்லின் மனைவி லொயிஸ் தொடக்கினார். எங்களுக்குக் கிட்டடியில் அது கிடைக்கவில்லை. அதனால் திறந்த கூட்டத்துக்கு நாங்கள் இப்பவும் போகிறோம். அப்பாவின் குடிக்கு நாங்கள் காரணம் இல்லை, அதை அவருக்காக எங்களால் விடவும் ஏலாது. இது விளங்கிய பிறகுதான் வீட்டில் எங்களுக்கு நித்திரை வந்தது.

உங்கட வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். பெரியாஸ்பத்திரி உளநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள். இடம் தெரிந்ததும் தனியே அனுப்பாமல் முதல்நாள் வாசல்மட்டும் கூடப் போங்கள். உள்ளே போவதை அவர் பார்த்துக்கொள்வார்.