இரண்டு ஏரிகள், ஒரு நாள்

பஞ்சாங்கத்தைக் கேட்டால், வசந்த ருது சித்திரையிலும் வைகாசியிலும் என்று சொல்லும். சென்னைவாசிகளுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. சித்திரை பிறந்துவிட்டால் தெருக்கோடி வரை போய் வருவதே நமக்கு ஒரு தீர்த்த யாத்திரை! நம்முடைய வசந்தம் மாசியில்தான். பனி விலகி, மாமரம் பூத்து, வெயில் இன்னும் பல்லைக் காட்டாமல் இருக்கும் அந்தச் சில வாரங்களில், குழந்தைகளுக்குப் பரீட்சை நெருங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.

உல்லாசப் பிரயாணம் என்றதும் பல வீடுகளில் இல்லத்தரசிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறுவது யார்? திரும்பி வந்து பாத்திரம் தேய்ப்பது யார்? ஆகையால், நாம் சொல்லும் இந்தப் பிரயாணத்துக்கு விடியற்கால அவசரமே கிடையாது. எட்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். தயிர் சாதம் பிசைய வீட்டுத் தலைவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அன்றைக்குக் கற்றுக்கொள்ளட்டும்!

முதலில் மதுராந்தகம். சென்னையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் செங்கற்பட்டு வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். இங்கே கோயில் கொண்டிருப்பவர் ஏரி காத்த ராமர். 1790-களில் இந்தச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர், ஏரி உடைந்துவிடுமோ என்று கவலைப்பட்டு, கொட்டும் மழையில் கரைக்குப் போனாராம். அங்கே வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை உடையவில்லை. துரை தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்பது தல வரலாறு. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. சந்நிதியில் ராமபிரான் சீதையின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் அழகைப் பெண்மணிகள் பார்க்கத் தவறக்கூடாது. பகலில் நடை சாத்திவிடுவார்கள்; பதினொரு மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது.

பிறகு நிழலாக ஓர் இடம் பார்த்துக் கட்டுச் சாதத்தைப் பிரியுங்கள். வடுமாங்காய் அவசியம். ஒரு சிறு தூக்கம் போட்டாலும் குற்றமில்லை.

மூன்றரை மணிக்கு வேடந்தாங்கலில் இருங்கள். சிறிய ஏரிதான், 74 ஏக்கர் இருக்கும். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கிளை தெரியாமல் பறவைகள்! நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன். நாரைகளில் ஆணும் பெண்ணும் முறை போட்டு அடை காக்கும். வெயில் அடித்தால் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும். கணவன்மார்கள் இந்தக் காட்சியைச் சற்று அதிக நேரம் பார்ப்பது நல்லது.

இந்தப் பறவைகளுக்குக் காவல் முதலில் சர்க்கார் அல்ல, ஊரார். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டார்கள் என்றும், 1798-ல் அதே பிளேஸ் துரை பாதுகாப்பு உத்தரவு போட்டார் என்றும் சொல்வார்கள். ஊராரின் அன்பில் கொஞ்சம் கணக்கும் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். 2022-ல் இந்த ஏரி ராம்சார் தலம் என்ற சர்வதேச அந்தஸ்தும் பெற்றது. ஆனால் வானம் பொய்த்த வருஷத்தில் ஏரி வறண்டுவிடும், பறவைகளும் வராது. நல்ல வருஷத்தில்கூடப் பங்குனி போகப் போகக் கூட்டம் கலைந்துவிடும். ஆகையால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஐந்து மணிக்குமேல் இரை தேடப் போன பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்பும். அப்போது குழந்தைகள் கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பைனாகுலர் இருந்தால் விசேஷம். பளிச்சென்ற உடை வேண்டாம். பட்டுப் புடவை பீரோவிலேயே இருக்கட்டும்.

இருட்டுமுன் கிளம்பினால் ஒன்பது மணி சுமாருக்கு வீடு வந்து சேரலாம். ராத்திரிச் சமையலைப்பற்றி யாரும் பேச்செடுக்க வேண்டாம். செங்கற்பட்டில் சூடாக இட்லி கிடைக்கும்.