பிறர் நோட்டுப்புத்தகம்

எங்கள் வட்டத்தில் ஏழு பேர். பழைய சிறுபத்திரிகைக் கவிதைகளைத் தட்டச்சு செய்து சேர்த்து, அவற்றில் சொற்கள் எப்படிப் புழங்கியிருக்கின்றன என்று பார்ப்பதற்காக ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதில் ஜுப்பிட்டர்ஹப் என்ற நோட்டுப்புத்தக சர்வரின் மிகச் சிறிய வடிவம் ஓடுகிறது. 100 பேர் வரை தாங்கும் என்பது அதை ஆக்கியவர்களின் கணக்கு. நிர்வாகம் என் தலையில் விழுந்தது. பிறர் கணக்குகளைப் பார்த்தும் வாய் திறக்காமலிருக்கப் பழகியவன் பாங்க் குமாஸ்தா என்று நண்பர்கள் காரணம் சொன்னார்கள்.

அது வேலை செய்கிற விதம் சிக்கலானதல்ல. வருகிறவரை முதலில் பிராக்ஸி எதிர்கொள்கிறது. யார் என்று ஹப் விசாரிக்கிறது. அனுமதிக்கப்பட்டவர் முதல்முறை எதைத் தட்டுகிறாரோ அதுவே அவருடைய பாஸ்வேர்ட். பிறகு அவருக்கென்று தனி சர்வர் எழுப்பப்படுகிறது. கட்டம் கட்டமாக நிரலை எழுதினால், கெர்னல் அதை ஓட்டி, விடையை அந்தக் கட்டத்தின் கீழேயே இடும். எழுதியதும் விடையும் டிஸ்கில் தங்கும். விடைக்கு ஆதாரமான மதிப்புகளோ கெர்னலின் மெமரியில் மட்டுமே இருப்பவை. நாம் மாற்றி வைக்காவிட்டால், 10 நிமிஷம் அசைவில்லாத சர்வர் மூடப்பட்டுவிடும். திரும்பி வருகிறவர் முன் விடைகள் அப்படியே இருக்கும். அவற்றின் பின்னால் ஒன்றும் இராது. முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஓட்டியாக வேண்டும்.

ஓர் இரவு எல்லோருடைய பக்கங்களும் ஊர்ந்தன. நிர்வாகிக்கான பக்கத்தைத் திறந்தேன். எவர் சர்வரையும் நிறுத்தலாம்; உள்ளேயும் போகலாம். நண்பரொருவரின் கெர்னல் மெமரி முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்காதது என் தவறு. நிறுத்தியிருந்தால் போதும். நான் உள்ளே போனேன்.

அவருடைய கவிதைகள் முன்னவர்களின் எதிரொலி என்று இரண்டு இதழ்களுக்கு முன் நான் எழுதியிருந்தேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. இங்கே, தம் ஒவ்வொரு வரியையும் நாங்கள் சேர்த்த எல்லா வரிகளோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலிருந்த கட்டத்தில் 41 என்ற எண். அத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். கடைசிக் கட்டத்துக்கு இன்னும் எண் விழவில்லை. நான் ஒரு மாலையில், ஞாபகத்தை மட்டும் நம்பிச் சொன்ன தீர்ப்பு அது. அவர் சோதித்துக்கொண்டிருந்தார். சர்வரை நிறுத்தினேன்.

மறுநாள் மெமரிக்கு வரம்பு வைத்துவிட்டு, "உங்களுடையதை நிறுத்தவேண்டி வந்தது" என்று அவரிடம் சொன்னேன். "பரவாயில்லை, மேலிருந்து ஓட்டிக்கொள்கிறேன்" என்றார். படித்ததைச் சொல்லவில்லை. எழுதி முடிக்காத கவிதையை ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவனை நான் விமர்சகன் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்த இதழ் அவருக்கும் போகும். அந்தக் கடைசிக் கட்டத்தின் விடை எதுவானாலும், அவர் அனுப்பினால், என் கட்டுரை வந்த அளவிலேயே அதுவும் இங்கே அச்சாக வேண்டும்.