கல்யாணப் பாட்டில் ஒப்பாரி

வேதத்தில் உள்ள உன்னதப்பாட்டில் எட்டே அதிகாரங்கள். பிரான்சில் கிளேர்வோ மடத்துத் தலைவராக இருந்த பெர்னார்ட் 1135-இல் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். 86 பிரசங்கங்கள் ஆயின. 1153-இல் இறந்தபோது மூன்றாம் அதிகாரத்தின் வாசலைத்தான் தொட்டிருந்தார். மணமகன் கிறிஸ்து, மணமகள் ஆத்துமா என்று சொல் சொல்லாக நின்று சுவைத்தவருக்கு அவசரம் ஏது?

என்னை உலுக்கியது அவர் விளக்கத்தை நடுவில் நிறுத்திய இடம். 26-ஆம் பிரசங்கம். பாட்டில் வரும் கேதாரின் கூடாரங்களைப் பற்றி வழக்கம்போல ஆரம்பிக்கிறார். கொஞ்ச தூரம் போனதும், இனி மறைக்க முடியாது என்று விட்டுவிடுகிறார். கூடப்பிறந்த அண்ணன் ஜெரார்ட் இறந்திருக்கிறார்; வருஷம் 1138. அடக்கத்தைக் கண் கலங்காமல் நடத்தியவர், பாடத்தின் நடுவில் உடைந்து அழுகிறார். ஜெரார்ட்தான் மடத்தின் களஞ்சியப் பொறுப்பாளர். கொத்தனார், கொல்லர், தோட்டக்காரர் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். வெளிவேலையை அவர் சுமந்ததால்தான் என்னால் வேதத்தோடு இருக்க முடிந்தது என்று புலம்புகிறார் தம்பி.

எனக்கும் அப்படி ஓர் அண்ணன் இருந்தார். வீட்டு வரி, கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை எதையும் என்னிடம் வரவிட்டதில்லை. "நீ படிடா, நான் பாத்துக்கிறேன்" என்பார். அவரை அடக்கம் செய்த வாரமே சபையில் வேதபாட வகுப்பு எடுத்தேன். குரல் தடுமாறவில்லை. என் விசுவாசத்தை மெச்சினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பிறகொரு நாள் வீட்டு வரி ரசீது தேவைப்பட்டது. எந்தப் பெட்டியில் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இறையியலாளர் அபெலாரின் மாணவர் பெரங்கார் பெர்னார்டின் இந்தப் பிரசங்கத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கல்யாணப் பாட்டுக்கு நடுவே இழவுப் பாட்டா என்றார். பழைய காலத்து ஆயர் அம்புரோஸ் தன் சகோதரனுக்காகப் புலம்பியதிலிருந்து எடுத்தது என்றும் குற்றஞ்சாட்டினார். இருக்கட்டுமே. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவள் சொந்தமாகவா பாட்டுக் கட்டுகிறாள்? பாட்டி பாடியதை வைத்துத்தான் தன் புருஷனுக்கு அழுகிறாள்.

27-ஆம் பிரசங்கத்தில் பெர்னார்ட் விட்ட இடத்துக்கே, அதே வசனத்தில் வரும் சாலொமோனின் திரைகளுக்கே திரும்பிவிடுகிறார். எங்கள் வகுப்பில் உன்னதப்பாட்டு வந்தபோது நான் கேதாரின் கூடாரங்கள் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அண்ணனைப் பற்றிப் பேசினேன். முடிந்ததும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "இன்னைக்குப் பாடமே நடக்கலையே தம்பி" என்றார். ஆமாங்கய்யா, அடுத்த வாரம் நடத்துகிறேன் என்றேன்.