மின்விசிறியும் ஸீன் எழுத்தும்



எங்கள் மத்ரஸாவின் ஆண்டு விழாவிற்காகச் சிறுவர்களின் கிராஅத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இசைப் பதிவிற்கும் பயன்படும் ஆடாசிட்டி எனும் இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினேன். குரலின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதவாறு மைக்கின் அளவை வைத்தேன். அதில் குறையில்லை. ஆனால் மின்விசிறியின் இரைச்சல் பதிவில் கலந்திருந்தது. இரைச்சல் மட்டும் உள்ள சில வினாடிகளை மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்டி, இரைச்சல் குறைப்பை 30 டெசிபெல் வரை உயர்த்தினேன்.

இரவில் கேட்டபோது, பத்து வயது மாணவன் ஒருவன் ஓதிய சூரத்துந் நாஸ் உறுத்தியது. அதன் 6 வசனங்களும் ஸீனில் முடிபவை. ஒவ்வொரு ஸீனும் மழுங்கி ஒலித்தது. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கண்டித்தேன்.

"சரியாகத்தான் ஓதினேன், ஹஜ்ரத்" என்றான். மீண்டும் ஓதச் செய்தேன், பிழையில்லை. அப்போதும், "நேற்று கவனமின்றி ஓதியிருக்கிறாய்" என்றே சொன்னேன். அவன் கண்கள் கலங்கின.

அன்று மாலை, திருத்தப்படாத மூலப் பதிவைக் கேட்டேன். எல்லா ஸீனும் தெளிவாக இருந்தன!

மூச்சோட்டத்துடன் உச்சரிக்கப்படும் ஹம்ஸ் எழுத்துகள் 10 என்று தஜ்வீத் பாடம் நடத்துகிறவன் நான். ஸீன், ஸாத், ஷீன், ஹா ஆகியவை அவற்றுள் அடங்கும். ஸீனின் சீறலும் மின்விசிறியின் இரைச்சலும் ஒலியளவில் நெருக்கமானவை. குறைப்பு அளவு மீறியபோது, மென்பொருள் இரைச்சலோடு எழுத்தையும் அரித்துவிட்டது. பிழை மாணவனின் நாவில் இல்லை. என் விரலில் இருந்தது.

தெரியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்க, வந்த செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. அதை எத்தனையோ முறை விளக்கியவன், ஒரு குழந்தையின் விஷயத்தில் மறந்துவிட்டேன்.

எல்லோர் முன்னிலையில் கண்டித்தவன், எல்லோர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்பதுதான் நீதி. மறுநாள் அவ்வாறே கேட்டேன். அவன் வெட்கத்துடன் சிரித்து, "இன்னொரு முறை பதிவு செய்யலாமா, ஹஜ்ரத்?" என்று எழுந்தான். நான் சொல்லும் முன்பே மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்தான். இம்முறை எதையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளின் ஓதலைப் பதிவு செய்வோர் மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். பிள்ளைகளைக் குறை காணும் முன், நாம் கேட்டது அவர்களின் குரலையா, நம் கைபட்ட குரலையா என்று ஒருமுறை பாருங்கள்.

குழந்தைகளிடம் நீதியுடன் நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.