நாம் கேட்க மறந்த கேள்வி

பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எமது ஆலோசனை நிலையம் இருக்கிறது. ஒரு மேசை, மூன்று கதிரைகள், ஒரு மின்விசிறி. கதவைச் சாத்தினாலும் ரயில் போகும் சத்தம் உள்ளே கேட்கும். சில பெண்கள் அந்தச் சத்தம் வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அது வந்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்வார்கள்.

அந்தத் தங்கச்சியும் அப்படித்தான் சொன்னாள். அவளுடைய பெயரையும் ஊரையும் இங்கே தவிர்த்துவிடுகிறேன். கலியாணமாகி மூன்று வருடம். கணவனுக்குக் கப்பலில் வேலை. சில மாதங்கள் கடலில், சில மாதங்கள் வீட்டில். பிள்ளை இல்லை.

"அக்கா, அவரோடை சேர்ந்தாப் பிறகு உள்ளுக்குள்ளை நெருப்பு வைச்ச மாதிரி எரியுது. வீங்கிப் போகுது. விடியுமட்டும் நித்திரை இல்லை. இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

நான் சமூகவியல் படித்தவள். குடும்பப் பிணக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. கணவன் லீவில் வரும் நாள் நெருங்கினால் தனக்குப் பயம் பிடிக்கிறது என்று அவள் சொன்னதும், எனது கொப்பியில் "தாம்பத்தியத்தில் விருப்பமின்மை, மாமியாருடன் பிணக்கு" என்று எழுதினேன். கணவனுடன் மனம்விட்டுக் கதைக்கும்படி புத்தி சொல்லி அனுப்பிவைத்தேன். எரிவு என்று அவள் சொன்னதை நான் எழுதவேயில்லை. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் வருவதற்கு முன்பும் அவள் அலைந்திருக்கிறாள். ஓரிடத்தில் பங்கசுத் தொற்று என்று திரும்பத் திரும்ப மருந்து கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் பால்வினை நோயாக இருக்கலாம் என்று இருவருக்கும் குளிசை கொடுத்தார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குளிசை வீட்டுக்குள் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிட்டது. கப்பற்காரன் எங்கே போனானோ என்று அவளுக்கும், நான் இல்லாத நேரத்தில் என்ன நடந்ததோ என்று அவனுக்கும். மூன்றாவது இடத்தில் "எல்லாம் மனப்பிரமை" என்றார்கள். மாமியார் கதிரேசன் கோவிலில் நேர்த்தி வைத்துவிட்டு, "இவள் கிட்டப் போனால்தானே பிள்ளை" என்று உறவினரிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

இரண்டாம் முறை அவள் வந்தபோது, எமது நிலையத்துக்கு உதவிக்கு வரும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். சேர்ந்து எவ்வளவு நேரத்தில் எரிவு தொடங்குகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? ஆணுறை பாவித்தால் எரிகிறதா?

"கலியாணம் கட்டின முதல் லீவிலை பிள்ளை இப்ப வேண்டாமெண்டு பாவிச்சனாங்கள். அப்ப ஒண்டுமே இல்லை, அன்ரி. பிள்ளைக்கெண்டு அதை விட்ட பிறகுதான் எல்லாம்."

அந்தப் பதிலில்தான் நோய் இருந்தது. 1973 முதல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கத்தின் 'ப்ரீத்தி' ஆணுறை எங்கள் கடைகளில் விற்கிறது. பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுவது பற்றி எத்தனையோ வகுப்புகளில் ஆணுறையைக் காட்டிக் கதைத்திருக்கிறேன். ஒரு பெண்ணின் நோவு எதனால் என்பதை அறியவும் அது உதவும் என்று எனக்குத் தெரியாது.

இது சுக்கிலப் பாயத்துக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. அதுபோலத்தான் இதுவும். அரிதானது. 1958இல் நெதர்லாந்து வைத்தியர் ஸ்பெக்கன் இதை முதலில் எழுதினார். 1967இல் பிரான்சில் ஹல்பேர்னும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்தனர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் நினைவிருக்கும். விந்து வேறு, அது மிதந்து வரும் சுக்கிலப் பாயம் வேறு. ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் அந்தப் பாயத்திலுள்ள புரதங்கள். முன்னிற்குஞ் சுரப்பியில் உண்டாகும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் அவற்றுள் முக்கியமானது. ஆண் நாயின் அதே சுரப்பியில் இதற்கு ஒத்த ஒரு புரதம் உண்டு என்றும், நாய்க்கு ஒவ்வாமை உள்ள சில பெண்களுக்கு இதுவும் வரலாம் என்றும் 2009இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பெரும்பாலும் சேர்ந்த அரை மணித்தியாலத்துக்குள் எரிவு, கடி, வீக்கம் தொடங்கும். சிலருக்கு அந்த இடத்தோடு நின்றுவிடும். சிலருக்கு உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் வரை போகலாம். அப்படியானால் அது உயிராபத்து, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முதன்முறை சேரும்போதே வரலாம். பல வருடம் சுகமாக வாழ்ந்த பிறகும், பிள்ளை பெற்ற பிறகும் வரலாம். ஆகவே "இவ்வளவு நாளும் இல்லாத வருத்தம் இப்போது எப்படி வந்தது?" என்று ஒரு பெண்ணைச் சந்தேகிப்பது தவறு. ஆணுறையின் இறப்பருக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆணுறை பாவித்தால்தான் வருத்தம் கூடும்.

பிள்ளை வேண்டாத தம்பதிக்கு ஆணுறையோடு பிரச்சினை தீர்ந்துவிடும். பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கோ, நோவைத் தடுப்பதே பிள்ளையையும் தடுக்கிறது. அந்தத் தங்கச்சி மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது இதனால்தான். "பிள்ளை ஒண்டு கிடைச்சால் போதும், பிறகு அவரை விலத்தி இருப்பம் எண்டு நினைச்சனான்" என்றாள்.

அவளை ஒவ்வாமை பார்க்கும் விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்பினோம். கணவனின் சுக்கிலத்தில் தொற்று ஏதும் இல்லை என்று உறுதிசெய்தபின், அதிலிருந்து பிரித்த பாயத்தில் ஒரு துளியை முன்கையில் வைத்து மெல்லக் குத்திப் பார்த்தார்கள். அவசரத்துக்கு அட்ரினலின் ஊசியும் பக்கத்தில் இருந்தது. கால் மணித்தியாலத்துக்குள் கை தடித்துச் சிவந்தது. அந்தத் தடிப்பைப் பார்த்து அவள் அழுதாளாம். பயத்தில் அல்ல. "மனப்பிரமையெண்டு சொன்ன எல்லாருக்கும் இந்தக் கையைக் காட்ட வேணும் போல இருந்தது" என்றாள்.

இந்த ஒவ்வாமை இருப்பதால் ஒரு பெண் மலடி ஆவதில்லை. கரு தங்கினால் பிள்ளைக்கு இதனால் கெடுதலும் இல்லை. வைத்தியர் அவர்களுக்கு வழிகளை விளங்கப்படுத்தினார். வருத்தம் இலேசானதென்றால், சேருவதற்கு முன் ஒவ்வாமைக் குளிசை போடுவது சிலருக்குப் போதும். இரண்டாவது வழி, உடலைப் பழக்குவது. வைத்தியசாலையில் வைத்து, பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஐதாக்கிய பாயத்தில் தொடங்கி, ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செறிவைக் கூட்டிக்கூட்டி யோனிக்குள் இடுவார்கள். உடல் பழகியபின், வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது தம்பதி சேர்ந்து இருக்க வேண்டும். நீண்ட இடைவெளி விட்டால் பழக்கம் போய்விடும். மூன்றாவது வழி, விந்துக்களைப் பாயத்திலிருந்து பலமுறை கழுவிப் பிரித்தெடுத்து நேரே கருப்பைக்குள் செலுத்துவது. அதுவும் சரிவராவிட்டால் சோதனைக்குழாய் முறை.

கணவன் கப்பற்காரன் என்பதால் இரண்டாவது வழி அவர்களுக்குப் பொருந்தவில்லை. வெளிநாட்டிலும் கடலிலும் உழைக்கும் ஆண்களின் மனைவிமார் எம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் மூன்றாவது வழியை எடுத்தார்கள். முதல்முறை சரிவரவில்லை. செலவும் அதிகம். இதை எழுதும்போது இரண்டாம் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. கணவன் ஒருநாள் தாயையும் கூட்டிக்கொண்டு எமது நிலையத்துக்கு வந்தார். தன்னுடைய மகனிடம்தான் குறை என்று சொல்லப் போகிறோமோ என்ற பயம் அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. தாதி அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: "இதிலை ஒருத்தரிலும் பிழையில்லை. உங்கடை மருமகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாட்டி நீங்கள் இறால் கறி குடுப்பீங்களோ?" அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளை இவ்வளவு நாளும் எனக்கொரு வார்த்தை சொல்லேல்லையே" என்றார். எப்படிச் சொல்வாள் என்று எவரும் கேட்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்கும்.

சகோதரிகளே, எரிவு வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நோய்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானோருக்குத் தொற்றோ வேறு காரணமோதான் இருக்கும். ஆனால் மருந்து எடுத்தும் தீராமல், சேர்ந்த சிறிது நேரத்தில் வந்து, ஆணுறை பாவித்தால் வராமல் இருக்குமானால், அதை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமும் சொல்லலாம். உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தவர்கள் வீட்டில் எதையும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

என்னைப் போல மேசைக்கு மறுபக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண் "எரியுது" என்றால் முதலில் அதை எழுதுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். எனது கொப்பியில் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன், அவர்கள் சொன்ன சொல்லிலேயே.