டவுன்விண்ட் ஃபாயிலிங்: 40 வயதுக்கு மேல் தொடங்குகிறவர் முதலில் எதை வாங்கணும்?

1/
பெர்த் நகரத்தில் எனக்கு முன்னாடியே ஒரு டாக்டர் பிரபலம். பெயர் "ஃப்ரீமாண்டில் டாக்டர்". கோடையில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது, மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து வந்து உடம்பைக் குளிரவைக்கும் கடல்காற்றுக்கு இந்த ஊர்க்காரங்க வச்ச பேர் அது. அப்பாயின்ட்மென்ட் கிடையாது, ஃபீஸும் கிடையாது.

அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கடலில் போகும் ஒரு விளையாட்டைப் பற்றித்தான் இந்த த்ரெட்.

2/
ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு பார்த்திருப்பீங்க. நின்றபடி நீளமான துடுப்பால் தள்ளிப் போவது. அதன் அடியில் முக்கால் மீட்டருக்கு மேல் ஒரு கம்பம், அதுதான் மாஸ்ட். மாஸ்ட் முனையில் விமானம் மாதிரி முன்னால் ஒரு பெரிய இறக்கை, பின்னால் ஒரு சின்ன இறக்கை. இந்த அமைப்புக்குத்தான் ஃபாயில் என்று பெயர்.

போதிய வேகம் வந்ததும் இறக்கை போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அதன்பிறகு காற்று கிளப்பிய அலைமேடுகளின் சரிவே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். பாய் இல்லை, மோட்டார் இல்லை. 2016ல் ஹவாயைச் சேர்ந்த கை லென்னி இப்படி நடுக்கடலில் வழுக்கிப் போன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

3/
நான் 44 வயதில் ஆரம்பித்தேன். அதிலிருந்து இங்கே இருக்கும் நம்ம ஆட்கள் நிறைய பேர் கேட்கிறாங்க: "டாக்டர், எந்த போர்டு வாங்கலாம்?"

கேட்கிறவருக்கு வயது 42, 45, 48. பாதிப் பேர் பிபி மாத்திரை போடுகிறவர்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை.

என் பதில் ஒரே வரிதான். முதல் செட் "எழும்புவதற்கும், பத்திரமாகக் கரை திரும்புவதற்கும்" வாங்குங்க. வேகத்துக்கு வாங்காதீங்க.

4/
ஏன் என்று சொல்றேன். இந்த விளையாட்டில் உடம்பு அதிகம் கஷ்டப்படுவது பறக்கும்போது இல்லை. எழும்பும் அந்தப் பத்துப் பதினைந்து நொடியில்தான்.

அலைமேடு பின்னால் வந்து போர்டின் வாலைத் தூக்கும்போது, முழு பலத்தோடு எட்டுப் பத்து முறை துடுப்புப் போடணும். கால்களால் போர்டை அமுக்கி அமுக்கி விடணும். நாடித்துடிப்பு உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் முதலில் எழும்பாது. மறுபடி முயற்சி, மறுபடி விழுவது, மறுபடி ஏறுவது. ஒரு மணி நேரத்தில் இப்படி 30, 40 தடவை.

ஆக, சின்ன போர்டு, சின்ன இறக்கை வாங்கினால் அதற்கான விலையைக் கடைசியில் உங்க இதயமும் தோள்பட்டையும்தான் கட்டும்.

5/
தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து வருடம் முன்னாடியே வரும் போக்கு உண்டு. அதனால் போர்டு கடைக்கு முன்னால் உங்க குடும்ப டாக்டரிடம் போங்க.

• பிபி, சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி பாருங்க. தேவைப்பட்டால் டிரெட்மில் டெஸ்ட்.
• ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? ஃபாயில் விளிம்பு கத்தி மாதிரி. கட்டாயம் டாக்டரிடம் பேசணும்.
• இன்சுலின், அல்லது சர்க்கரையைத் தாழவிடும் மாத்திரை எடுக்கிறவரா? கடல் நடுவில் லோ-சுகர் ஆனால் கைகொடுக்க ஆள் இருக்காது. சாப்பிடாமல் இறங்காதீங்க, ஜெல் பாக்கெட் உடம்போடு இருக்கட்டும்.
• மாடிப்படி ஏறினாலே நெஞ்சு இறுக்குதா? இந்த த்ரெட்டை மூடிவிட்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்க.

6/
இப்போ போர்டு.

லிட்டர் கணக்கு எளிது. உங்க எடையோடு 30 முதல் 40 வரை கூட்டிக்கோங்க. 80 கிலோ ஆளுக்கு 110–120 லிட்டர். அப்போதான் நிற்கும்போது போர்டு மூழ்காது, ஓய்வெடுக்க முடியும்.

வடிவம் முக்கியம். பழைய ஃபாயில் போர்டுகள் குட்டையா, அகலமா இருக்கும். நிற்கச் சுகம், ஆனால் தண்ணீரை உழுதுகொண்டே போகும், வேகம் பிடிக்காது. டவுன்விண்ட் போர்டு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். தொடங்குகிறவருக்குச் சுமார் 8 அடி நீளம், 20–21 இன்ச் அகலம் சரி. முதல் வாரம் தள்ளாடும். அதற்குக் கால்கள் பழகிவிடும். உழுதுகொண்டு போகும் போர்டுக்கு யாரும் பழக முடியாது.

7/
அடுத்து முன் இறக்கை. உண்மையில் போர்டைவிட இதுதான் முக்கியம்.

80 கிலோ ஆளுக்கு முதல் இறக்கை 1,100 முதல் 1,400 சதுர செ.மீ. பரப்பு. பெரிய பரப்பு குறைந்த வேகத்திலேயே தூக்கும். ஆல்பட்ராஸ் பறவை மாதிரி நீளமாக, மெலிதாக இருக்கும் இறக்கை அதிக தூரம் சறுக்கும். ஆனால் மிக மெலிந்தவை வேகம் குறைந்ததும் சட்டென்று கைவிட்டுவிடும், திருப்பவும் கஷ்டம். முதல் வருடத்துக்கு நடுத்தரமே நல்லது.

யூட்யூபில் வல்லவர்கள் 700, 800ல் பறப்பார்கள். அவர்கள் பத்து வருடம் கடலில் கிடந்தவர்கள். நாம் பத்து வருடம் லேப்டாப்பில் கிடந்தவர்கள்.

8/
மற்ற சாமான்கள், சுருக்கமா:

• மாஸ்ட்: 75–85 செ.மீ. குட்டையாக இருந்தால் அலை உச்சியில் இறக்கை வெளியே வந்து உங்களைக் கீழே தள்ளும். கார்பன் என்றால் முறுக்கிக்கொள்ளாது, ஆனால் விலை கூட.
• துடுப்பு: கிட்டத்தட்ட உங்க உயரம். பெரிய தகடு வேண்டாம், தோள்பட்டைத் தசைநார் கிழிந்தால் ஆறு மாதம் போச்சு.
• செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம். மாஸ்ட் பொருந்தும் இடத்தில் விரிசல் இருக்கா, திருகுகள் உப்பில் இறுகிப்போயிருக்கா, பாருங்க. ஒரு கம்பெனி இறக்கை இன்னொரு கம்பெனி மாஸ்டில் பெரும்பாலும் பொருந்தாது.

9/
இனிமேல் சொல்வதில் பேரம் கிடையாது.

லீஷ். அதாவது உங்களையும் போர்டையும் கட்டும் கயிறு. இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது, இழுத்தால் உடனே கழலும் வகை நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நல்ல நீச்சல்காரர். போன கோடையில் அவர் லீஷ் நடுவில் அறுந்தது. வெறும் போர்டைக் காற்று அடித்துக்கொண்டு போகும் வேகத்தில் எந்த நீச்சல்காரராலும் பிடிக்க முடியாது. இரண்டு நிமிடத்தில் போர்டு கண்ணுக்குத் தெரியலை. அலைகளுக்கு நடுவே தலை மட்டும் தெரியும் மனிதனை யாரும் பார்க்கவும் முடியாது.

அவர் உயிரோடு வந்ததற்குக் காரணம் மூன்று. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். தண்ணீர் புகாத உறையில் போன் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. எத்தனை மணிக்குக் கரையேறுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கியிருந்தார்.

மூன்றும் சேர்ந்து ஒரு இறக்கையின் விலையில் கால்வாசி கூட வராதுங்க.

10/
கூடவே ஹெல்மெட், விசில், பளிச்சென்ற நிறத்தில் சட்டை. விழும்போது போர்டிலிருந்து விலகி, தட்டையாக விழுங்க. தலைகீழாக டைவ் அடிக்கவே கூடாது.

வெட்டுப்பட்டால்: சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிங்க. நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. ரத்தம் நிற்கலைன்னா அழுத்தத்தை விடாமலே 000க்கு அழைக்கணும். கடல் தண்ணீர் பட்ட ஆழமான காயத்தை டாக்டர் பார்த்தே ஆகணும். டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்கன்னு இன்றைக்கே பார்த்து வச்சுக்கோங்க.

11/
எந்தக் காற்றில் இறங்குவது?

பெர்த்தில் கடல் மேற்கே. தென்மேற்குக் காற்றில் வடக்கு நோக்கிப் போனால் கரை உங்க வலது கைப் பக்கம். தவறினாலும் காற்று மெதுவாகக் கரைப் பக்கம்தான் தள்ளும். தொடங்குகிறவருக்கு 15 முதல் 20 நாட் போதும். லெய்ட்டன் கடற்கரையில் இறங்கி காட்டஸ்லோ பக்கம் ஏறுவது போல, சில கிலோமீட்டர் மட்டும். இடையில் பாறைத் திட்டுகள் உண்டு. இடம் தெரிந்தவரோடு போங்க.

கோடைக் காலையில் வீசும் கிழக்குக் காற்று நேர் எதிர். கரையிலிருந்து வெளியே, ராட்னெஸ்ட் தீவுப் பக்கம் தள்ளும். கடல் தட்டையாக, அழகாக இருக்கும். ஏமாறாதீங்க, அதில் டவுன்விண்ட் வேண்டவே வேண்டாம்.

சுறா பயமா? கிளம்பும் முன் ஷார்க்ஸ்மார்ட் ஆப் பாருங்க. எச்சரிக்கை இருந்தால் வீட்டுக்குப் போங்க.

12/
கற்கும் வரிசை:

1. ஸ்வான் ஆற்றின் அகலமான பகுதியில் அந்த ஒடுக்கமான போர்டில் நிற்கப் பழகுங்க. ஃபாயிலோடு என்றால் ஆழம் பார்த்து.
2. படகு இழுக்க, அல்லது கையில் பிடிக்கும் காற்று விங்கோடு, ஃபாயிலை மட்டும் கட்டுப்படுத்தக் கற்றுக்கோங்க.
3. சின்ன அலைமேடுகளில் எழும்பும் பயிற்சி.
4. கடைசியில்தான் கடல் ஓட்டம். எப்போதும் இரண்டு பேராக.

இரண்டாவது படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் அடிபடுறாங்க. எழும்பவும் தெரியாது, எழும்பினால் இறங்கவும் தெரியாது.

13/
"இவ்வளவு சொல்லிப் பயமுறுத்திட்டீங்களே டாக்டர், அப்புறம் எதுக்குங்க இது?"

போர்டு தண்ணீரை விட்டதும் அலை அறையும் சத்தம் சட்டென்று நின்றுவிடும். முதல் தடவை அது எனக்கு ஐந்தாறு நொடிதான் கிடைத்தது. அந்த ஐந்தாறு நொடிக்காக நான் எட்டுக் கிலோ குறைத்தேன், தினமும் நடக்கிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன். என் நோயாளிகளுக்கு நான் எழுதித் தரும் எதுவும் என்னை இந்த அளவுக்கு மாற்றியதில்லை.

14/
வரிசையாக ஞாபகம் வச்சுக்கோங்க. முதலில் மெடிக்கல் செக்கப். அடுத்து லைஃப் ஜாக்கெட், லீஷ், போன். பிறகு பெரிய இறக்கை. கடைசியில் போர்டு.

பட்ஜெட் இடித்தால் கடைசியில் இருப்பதில் குறைங்க, முதலில் இருப்பதில் வேண்டாம்.

இந்த வாரம் போர்டு பார்க்கக் கடைக்குப் போக இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு இதை அனுப்பிடுங்க.